தராசு விஷயத்தில் ஒரு யோசனை வேண்டும்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் தோத்திரம். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் இடத்தில் நான் எடைக் கிராணி. மூன்று மாதமாக, குலை காய்ந்திருந்தாலும் ஈரமென்று எழுதி நூற்றுக்கு 5 கழிக்கச் சொல்கிறார் முதலாளி தவுக்கே, நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பாட்டியின் லோரியில் 1,240 கிலோ, அதில் 62 கிலோ கழித்தேன். ரசீதைப் பார்க்காமலே மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, “நீ கோயில் பிள்ளை, சரியாத்தான் போட்டிருப்பே”ன்னு சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதம் வாசிப்பதும் நான்தான், வெட்கக்கேடு.

வேதத்தில் வரும் வரி வசூலிக்கிறவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான், லேவியராகமம் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. ஆனால் கழித்த பணம் என் கைக்கு வரவில்லையே, நான் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

அப்புறம், குலை வாங்குகிறவர்களுக்கு உரிமம் கொடுப்பது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம். அங்கே யாராவது புகார் கொடுத்திருக்கிறீர்களா? 2010ஆம் ஆண்டு தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறையிடம் சொன்னால்தான் காக்குமாம், அதனால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. வேலை போனால் வீட்டு வாடகைக்கே திண்டாட்டம், சின்னவளுக்கு இன்னும் பால் மாவு வாங்குகிறோம். இப்படி மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் தனியாக எழுதுங்கள்.