உதிர்வா, உராய்வா? கவைக்கொம்பனுக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வட அமெரிக்கப் புல்வெளி விலங்குகள் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்குள்ள மான் போன்ற விலங்கான ப்ராங்ஹார்னுக்குக் (pronghorn) கொம்பு கவைபோல் பிரிவதால் 'கவைக்கொம்பன்' என்று வைத்தாயிற்று. 'மான்' என்று முடிக்க மனம் வரவில்லை. இன்றுள்ள விலங்குகளில் அதற்கு நெருங்கிய உறவு ஒட்டகச்சிவிங்கியும் அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒகாப்பியும்தான். சிக்கல் அடுத்த சொல்லில். அதன் முதுகில் திட்டுத் திட்டாக மயிர் போய்விடுகிறதே, அதை 'திட்டு மயிருதிர்வு' என்று எழுதியிருக்கிறேன். 'புழுவெட்டு' பொருந்துமா?

* * *

ஐயா, வணக்கம்.

புழுவெட்டு வேண்டாம். அது உடல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. இங்கே குற்றவாளி முள்கம்பி.

கவைக்கொம்பன் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், ஆனால் வேலியைத் தாண்டுவது அரிது. தடையே இல்லாத வெட்டவெளியில் வளர்ந்த இனம். வேலி வந்தால் முன்னங்காலை மடக்கி, வயிறு தரையில் பட, அடிக்கம்பிக்குக் கீழே நுழையும். அமெரிக்காவின் மொன்டானாவிலும் கனடாவின் ஆல்பர்ட்டாவிலும் வலசை வழியெங்கும் பண்ணை வேலிகள். ஒவ்வொன்றிலும் இதே வித்தைதான். அடிக்கம்பி தாழ்ந்திருந்தால் முள் முதுகை வாரிவிடும். அதன் மயிர் உள்ளே காற்றறைகள் கொண்டது. குளிரைத் தாங்கும், ஆனால் மொரமொரவென்று ஒடியும். முள்ளில் கொத்துக் கொத்தாக மயிர் தொங்கும். முதுகில் நீளவாக்கில் வெறுந்தோல் தெரியும். சிலவற்றுக்குக் காயமும் ஆகும். மயிர் போன இடத்தில் பனிக்கடி வரலாம், சீழும் பிடிக்கலாம். கவரிமான் கதை அந்த ஊர்க் குளிரில் பாதி உண்மைதான்!

'உதிர்வு' என்றால் தானாக விழுவது. அந்தச் சொல்லைச் செலவழித்துவிடாதீர்கள். வசந்தத்தில் குளிர்காலப் போர்வை கற்றை கற்றையாகக் கழன்று விழுமே, அதற்கு வேண்டும். அப்போது பார்த்தால் விலங்கே கந்தல் கோணியாகத் தெரியும், ஆனால் நோயில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் படிப்பவர் குழம்புவார்.

என் பரிந்துரை: 'உராய்சொட்டை', வினைத்தொகை.

* * *

அம்மா, காரணம் சொல்லுக்குள்ளேயே வந்துவிட்டது, நன்று. ஆனால் 'சொட்டை' கேலிப்பேச்சு போல இல்லையா? 'உராய்வு மயிரிழப்பு' என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

* * *

ஐயா, குடம் நசுங்கினாலும் சொட்டை விழுந்தது என்கிறோம். அதில் யாரும் சிரிப்பதில்லை. மயிரிழப்பு என்றால் உடம்பு முழுக்கப் போனதா, ஓரிடத்திலா என்று தெரியாது. சொட்டை என்றால் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. 'வேலிச்சொட்டை' என்றும் யோசித்தேன். கூண்டுக் கம்பியில் தேய்த்துக்கொள்ளும் விலங்குக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

* * *

சரி, ஒப்புக்கொள்கிறேன். வசந்தத்தில் நடப்பது 'மயிருதிர்வு', கம்பி செய்வது 'உராய்சொட்டை', சிற்றுண்ணியால் வருவது வழக்கம்போல 'சொறி'. அடிக்கம்பியை முள்ளில்லாததாக மாற்றித் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்திக் கட்டச் சொல்கிறார்களே, அந்த வேலிக்கு என்ன பெயர் வைக்கலாம்? 'வனவிலங்கு நட்பு வேலி' வாயில் நுழையவில்லை. 'நுழைவேலி'?

* * *

'நுழைவேலி' அருமை ஐயா. கட்டுரையில் அப்படியே போடுங்கள்.