பொருள்: தேக்ககமா, பதுக்ககமா? ஆங்கிலக் 'கேஷ்' (cache) என்பதற்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கையேட்டுப் பொறுப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, டெபியன் இயங்குதளம் குறித்த மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆய்வகத்தின் 40 கணினிகளும் ஒரே பொதியை (நிறுவ வேண்டிய மென்பொருள் கோப்பை) கண்ணாடி வழங்கியிலிருந்து, அதாவது மூல வழங்கியின் நகலை வைத்திருக்கும் கணினியிலிருந்து, தனித்தனியே இறக்குவது வீண். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் இடை வழங்கி மென்பொருள் நடுவில் நின்றால், முதல் கணினி கேட்டதை இறக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குத் தானே கொடுத்துவிடும். டாக்கர் கலன்களை (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு அடைத்த தனிச் சூழல்களை) கட்டுவோருக்கு இது இன்னும் தேவை. அங்கே பொதியை நிறுவியதும் இறக்கிய கோப்பு அழிக்கப்படுகிறது, அடுத்த முறை மீண்டும் இறக்கம். இந்த இடை வழங்கியைப் 'பதுக்ககம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர்:
ஐயா, வேண்டவே வேண்டாம். பதுக்கல் என்றதும் அரிசி மூட்டைதான் நினைவுக்கு வரும். பதுக்குபவன் கேட்டால் இல்லை என்பான். இதுவோ கேட்டதும் கொடுக்கிறது. தேங்கு தன்வினை, தேக்கு பிறவினை. அடங்கு, அடக்கு போல. ஆகவே 'தேக்ககம்'. கண்ணாடி வழங்கியையும் 'ஆடி வழங்கி' ஆக்குங்கள். எதிரே நிற்பவர் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் ஆடிப்பாவை சங்கப்பாட்டிலேயே உண்டு. மூலத்தில் பொதி மாறினால் கண்ணாடி வழங்கியிலும் மாறுகிறதல்லவா?

கணினி நிர்வாகி:
உவமை பொருத்தம்தான். ஆனால் மாணவருக்கு ஆடி என்றால் மாதம். தேக்ககமும் எனக்கு உவப்பில்லை. பழையதையே வைத்திருப்பது போல் ஒலிக்கிறது. எந்தெந்தப் பொதிகள் உள்ளன என்று சொல்லும் பொதிப் பட்டியலைக் கொடுக்கும்முன் இந்த இடை வழங்கி, 'நான் வாங்கிய பிறகு மாறியதா?' என்று கண்ணாடி வழங்கியைக் கேட்கிறது. மாறவில்லையென்றால் 'மாறவில்லை' எனப் பொருள்படும் 304 என்ற விடை மட்டும் வரும், கோப்பு வராது. பட்டியலில் இறக்கம் மிச்சமாவதே அந்தக் கேள்வியால்தான். எனவே 'வினவுதேக்கி'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

தமிழாசிரியர்:
இலக்கணம் சரி, ஐயா. எட்டாம் வகுப்பு மாணவர் உடைத்துப் படிக்க வேண்டுமே! 'கேஷ்' என்றே எழுதிவிடலாம் என ஒருவர் தனிமடலில் சொன்னார். அது கடையில் ரொக்கத்துக்குச் சொல்லும் சொல்; குழப்பம் கூடும்.

கையேட்டுப் பொறுப்பாளர்:
வினவுதேக்கியை விரும்பினேன். ஆனால் பொதிக் கோப்புகளுக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. பதிப்பெண் மாறினால் கோப்பின் பெயரே மாறிவிடும். பாதி வேலைக்கு மட்டும் பொருந்தும் பெயரை முழுமைக்கும் சூட்ட மனம் வரவில்லை. குழுவில் மூவர் தேக்ககத்தை ஆதரித்தீர்கள். அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். கண்ணாடி வழங்கி அப்படியே இருக்கட்டும்.

கணினி நிர்வாகி:
அனுப்புங்கள். என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலுக்கு மட்டுமாவது 'வினவி இறக்கல்' என்று அடுத்த பதிப்பில் கேட்பேன்.