டாஸ்க் 1: வரைபடத்தில் உள்ள எல்லா எண்களையும் எழுத வேண்டுமா?

கேள்வி

வணக்கம். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எனப்படும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். எழுத்துப் பகுதியின் டாஸ்க் 1-இல், அதாவது வரைபடத்தை விவரிக்கும் வினாவில், ஓர் எண்ணைக்கூட விடாமல் எழுதியும், பயிற்சித் தேர்வுகளில் 5.5 பேண்டை (9 வரை செல்லும் மதிப்பெண் நிலை) தாண்ட முடியவில்லை. பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட ஒரு கற்பனைத் தரவைக் கீழே தருகிறேன். ஒரு நகரில் வேலைக்குச் செல்வோரில் கார், பேருந்து, சைக்கிள் பயன்படுத்துவோரின் பங்கு 1990-இல் முறையே 40, 35, 25 சதவீதம். 2000-இல் 45, 34, 21. 2010-இல் 58, 24, 18. 2020-இல் 65, 20, 15. இந்தப் பன்னிரண்டு எண்களில் சிலவற்றை விட்டுவிட்டால் மதிப்பெண் குறையாதா? கார் பயன்பாடு ஏன் கூடியது என்று காரணம் எழுதலாமா?

முதல் பதில்

வணக்கம். விடாமல் எழுதுவதுதான் உங்கள் சிக்கல். மதிப்பீட்டு அளவுகோலில் 5 பேண்டுக்கான விவரிப்பே, விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்கிச் செல்லும் எழுத்தைத்தான் குறிக்கிறது. 7 பேண்டுக்கு ஓவர்வியூ எனப்படும் ஒட்டுமொத்தப் பார்வை தெளிவாக இருக்க வேண்டும், தரவு பொருத்தமாக வகைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். வினாவிலேயே முக்கிய அம்சங்களைத் தேர்ந்தெடுத்து, பொருத்தமான இடங்களில் ஒப்பிடும்படிதான் கேட்கிறார்கள். காரணம் எதுவும் எழுதாதீர்கள். படத்தில் இல்லாதது விடையிலும் இருக்கக் கூடாது.

உங்கள் தரவையே எடுத்துக்கொள்வோம். எழுதத் தொடங்குவதற்கு முன், எண்களை மறைத்துவிட்டு, இந்தப் படம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால் இரண்டு வாக்கியங்களில் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். காரின் பங்கு தொடர்ந்து உயர்ந்தது, மற்ற இரண்டும் சரிந்தன என்பது ஒன்று. காலப்பகுதியின் முடிவில் மற்ற இரண்டையும் சேர்த்தாலும் காரை எட்டவில்லை என்பது மற்றொன்று. ஓவர்வியூ இவ்வளவுதான். அதில் எண் தேவையில்லை. அறிமுக வாக்கியத்துக்கு அடுத்த பத்தியிலேயே அதை வைத்துவிடுவது பாதுகாப்பானது; கடைசிக்கு ஒதுக்கினால், நேரம் முடியும்போது விடுபட்டுப்போவது அதுவாகத்தான் இருக்கும்.

விவரப் பத்திகளை ஆண்டுவாரியாக எழுதாமல், ஒரே திசையில் நகர்பவற்றைச் சேர்த்து எழுதுங்கள். கார் ஒரு பத்தி, பேருந்தும் சைக்கிளும் ஒரு பத்தி. காருக்குத் தொடக்கமும் முடிவும் அவசியம்: 40, 65. அதோடு, மொத்த உயர்வான 25 சதவீதப் புள்ளிகளில் (65-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம்) 13 புள்ளிகள் 2000-க்கும் 2010-க்கும் இடையில் ஏற்பட்டவை என்பதைக் கவனித்தீர்களா? பேருந்தின் கதை இன்னும் சுவையானது. முதல் பத்தாண்டில் அது 35-இலிருந்து 34-க்கு, அதாவது ஏறக்குறைய அசையாமல் நின்றது. கார் வேகமெடுத்த அதே பத்தாண்டில் 10 புள்ளிகள் இழந்தது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இணைத்தால் அது ஒப்பீடு. தனித்தனியாக எழுதினால் வெறும் பட்டியல். சைக்கிளுக்கு, தொடக்கம் முதலே கடைசி இடத்தில் இருந்து 25-இலிருந்து 15-க்குச் சீராகக் குறைந்தது என்ற ஒரு வாக்கியமே போதும். அதன் நடு ஆண்டுகளின் எண்கள் விடையில் இல்லாததால் யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

இரண்டாம் பதில்

மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனால் தேர்ந்தெடுப்பதைவிடத் துல்லியத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள் என்பது என் கருத்து. இந்தத் தரவு பங்கைப் பற்றியது, எண்ணிக்கையைப் பற்றியது அன்று. பேருந்தின் பங்கு 35-இலிருந்து 20 சதவீதத்துக்குக் குறைந்ததால், பேருந்தில் செல்வோரின் எண்ணிக்கை குறைந்தது என்று எழுதிவிட முடியாது. நகரில் வேலைக்குச் செல்வோரின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகியிருந்தால், பேருந்துப் பயணிகள் கூடியிருக்கவே செய்வார்கள். அதேபோல் 40-இலிருந்து 65-க்கு உயர்ந்தது 25 சதவீத உயர்வு அன்று. 25 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதக் கணக்கில் அது 62.5. தேர்வறையில் அந்தக் கணக்குக்குள் போக வேண்டாம். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு உயர்ந்தது என்று எழுதிவிட்டால் பிழைக்கே இடமில்லை.

ஆனால் மடங்குகளைப் பயன்படுத்திப் பாருங்கள். 1990-இல் கார், பேருந்தைவிட 5 புள்ளிகளே முன்னிலையில் இருந்தது. 2020-இல் பேருந்தின் பங்கைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இந்த ஒரு வாக்கியம் நான்கு எண்களின் வேலையைச் செய்துவிடுகிறது.

மூன்றாம் பதில்

நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டாஸ்க் 1-க்குப் பரிந்துரைக்கப்படும் நேரம் 20 நிமிடம். குறைந்தது 150 சொற்கள் வேண்டும். கட்டுரை எழுதும் டாஸ்க் 2-க்கு இதைப்போல் இரு மடங்கு மதிப்பு உண்டு என்பதால், பன்னிரண்டு எண்களுக்காக அதன் நேரத்தைக் கடன் வாங்குவது நட்டக் கணக்கு. வினாவில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதாமல் உங்கள் சொற்களில் மாற்றி எழுதுங்கள். முடிவுரை தேவையில்லை. உயர்வைக் குறிக்கும் பகட்டான வினைச்சொற்களை மனப்பாடம் செய்து வருகிறவர்கள், இரண்டு புள்ளி நகர்வைக்கூட ராக்கெட் ஏவுதல்போல் வர்ணித்துவிடுகிறார்கள். மாற்றம் சிறியதா, திடீரென்றா, படிப்படியாகவா என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற எளிய சொல்லைப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம். ஒரே ஆண்டுக்குரிய வட்ட விளக்கப்படம் வந்தால், ஏற்றமும் இறக்கமும் இல்லாத நிலையில் ஓவர்வியூவில் எதைச் சொல்வது?

முதல் பதில் எழுதியவர்

அங்கே காலத்துக்குப் பதில் அளவை வரிசைப்படுத்துங்கள். எது பெரியது, எது சிறியது, எந்த இரண்டு சேர்ந்தால் பாதியைத் தாண்டுகிறது, எவை ஏறக்குறைய சமம் என்பவைதான் உங்கள் முக்கிய அம்சங்கள். ஏற்ற இறக்கச் சொற்களை அறவே தவிர்க்க வேண்டும்; ஒரே ஆண்டின் தரவில் எதுவும் உயரவோ குறையவோ முடியாது. ஒரே பொருளுக்கு இரண்டு ஆண்டுகளின் வட்டப்படங்கள் தரப்பட்டிருந்தால், ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக விவரிக்காமல், மாறியவற்றை ஒரு பத்தியிலும் மாறாதவற்றை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள். விருப்பமிருந்தால் மேலே உள்ள கார் தரவுக்கான உங்கள் ஓவர்வியூவை இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.