புதுப்பிப்பு: கோல்ஃப் போட்டிக்கு என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது
போட்டி பார்க்கப் போகுமுன் என்ன உடுத்துவது, பையில் என்ன வைப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று.

சட்டையை விட ஷூதான் முக்கியம். 18 குழிகளையும் ஆட்டக்காரர்களின் ஒரு குழுவைப் பின்தொடர்ந்து சுற்றினால் எப்படியும் 7, 8 கிலோமீட்டர் நடை. காலைப் பனியில் நனைந்த புல் துணி ஷூவை ஊறவைத்துவிடும். மாற்றுக் காலுறை கைகொடுத்தது. காலர் வைத்த பருத்திச் சட்டை, தொப்பி போதும்.

பை சிறிதாக இருக்கட்டும், பல போட்டிகளில் அளவுக் கட்டுப்பாடு உண்டு. கைப்பேசி விதியையும் பாருங்கள். அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் பார்வையாளர்கள் அதைக் கொண்டுபோகவே கூடாது.

அப்புறம், வெல்க்ரோ ஒட்டுள்ள பை வேண்டாம். பந்தைக் குழிக்குள் தள்ளும் நேரத்தில் ‘சர்ர்’ரென்று பிரித்தால் அத்தனை பேரும் திரும்பி முறைப்பார்கள்.

மடக்கு நாற்காலி பற்றிக் கேட்டவருக்கு: ஒரே கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கத்தில் உட்காருவதானால் சரி, நடப்பதானால் சுமை.