மறு: ‘மண்டலா’ வடிவத்துக்குக் கலைச்சொல்

> வட்டக்கோலம் போதுமே, பார்த்ததும் புரியும்.

புரியும், ஆனால் தவறாக. எல்லா மண்டலமும் வட்டமல்ல. கோயில், வீட்டு மனைகளை வகுக்கும் வாஸ்துபுருஷ மண்டலம் முழுச் சதுரம்: மண்டூகம் என்ற வகையில் 64 கட்டம், பரமசாயிகம் என்ற வகையில் 81. ஜப்பானியச் சிங்கோன் பௌத்த மரபின் வஜ்ரதாது மண்டலமும் ஒன்பது கட்டங்கள்தான். திபெத்திய மணல் மண்டலத்தில்கூட வட்டம் வெளிச்சுற்று. உள்ளே நாற்றிசை வாயில்களோடு சதுர அரண்மனை. பொதுவாக இருப்பது ஒரு நடுவும் அதைச் சூழ்ந்த ஒழுங்கும் மட்டுமே.

வெறும் ‘மண்டலம்’ என்று விட்டால் கொங்கு மண்டலம், வளிமண்டலம், நரம்பு மண்டலம், 48 நாள் விரதம் எல்லாம் சேர்ந்து வரும். ‘மண்டலக்கோலம்’ எனலாம்.

---

> மண்டலக்கோலம் எனலாம்.

எனக்கும் சம்மதம். ஒரு தயக்கம்: புள்ளிக்கோலத்தில் புள்ளிவரிசை முதலில், கோடு பிறகு. இங்கே புள்ளி ஒன்றே. நடுப்புள்ளி, அச்சுக்கோடுகள், வளையங்கள், கடைசியில் இதழ்கள் என்று வரைவார்கள். விளக்கக்குறிப்பில் இந்த வரிசையைச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

உறுப்புகளுக்கும் சொல் வேண்டும். நடுப்புள்ளி, அச்சு, வளையம், இதழ், வாயில் தாமாகவே நிற்கின்றன. இடர்ப்பாடு, வட்டத்தை நடுவிலிருந்து கூறுபோட்டால் வரும் துண்டுக்கு (sector). தமிழ்நாட்டுப் பாடநூலில் வட்டக்கோணப்பகுதி, இலங்கையில் ஆரைச்சிறை. பின்னது சுருக்கம், அழகும்கூட. வரைவுச் செயலியின் பொத்தானிலும் அடங்கும்.

12 ஆரைச்சிறை என்றால் ஒன்றுக்கு 30 பாகை. ஒவ்வொன்றையும் முந்தைய கோட்டிலிருந்து அளந்தால் பிழை கூடிக்கொண்டே போய்க் கடைசி இதழ் நெரிபடும். எல்லாக் கோணத்தையும் ஒரே அச்சிலிருந்து அளக்க வேண்டும். 20 செ.மீ. ஆரையில் (ஆரத்தில்) ஒரு பாகை பிசகினாலே விளிம்பில் 3.5 மி.மீ. விலகும்.

---

ஆரைச்சிறைக்கு என் வாக்கு. ஆனால் ஸ்ரீசக்கரத்தை இந்தத் தலைப்பில் அடைக்க வேண்டாம். அதற்கு யந்திரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வரைமுறையும் வேறு. ஒன்பது பெரிய முக்கோணங்கள் வெட்டிக்கொண்டு 43 சிறு முக்கோணங்கள் ஆகும் அந்த நடுப்பகுதியில் இட-வல ஒப்புமை மட்டுமே உண்டு. ஓர் ஆரைச்சிறையை வரைந்து சுழற்றி நகலெடுக்கும் கருவியால் 8, 16 இதழ்த் தாமரைகள் வரும், முக்கோணங்கள் வாரா. ஆகவே செயலிப் பட்டியில் அந்தக் கருவிக்கு ‘மண்டலக்கோலம்’ என்று எழுதாமல் ‘சுழற்சிச் சமச்சீர்’ என்றே எழுதுங்கள்.