எதிர்க்கட்சித் தலைவரால ஆட்சி மாறுதா? காட்பாடி 746-க்கு மொதல்ல பதில் சொல்லுங்க

காட்பாடி கேட்:
நேத்து ஒரு பெரிய மனுஷர், "எதிர்க்கட்சித் தலைவர் கறாரா இருந்தா ஆட்சி தானா மாறும், 2021 சாட்சி"ன்னு எழுதிட்டுப் போய்ட்டாரு. எங்க ஊரு கணக்கைப் பாத்தீங்களா நைனா? துரைமுருகன் அஞ்சு வருஷம் சட்டமன்றத்துல எதிர்க்கட்சித் துணைத் தலைவர். அவர் கட்சி திமுக 133 இடம் புடிச்ச 2021 தேர்தல்ல காட்பாடியில அவருக்கு 746 ஓட்டு வித்தியாசம். 2016-ல இருபதாயிரத்துக்கு மேல இருந்துச்சு. கேள்வி கேட்டதுக்குக் கூலி இதானா?

சத்துவாச்சாரி சார்:
அந்தப் பெரிய மனுஷர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். நான் சொன்னது தலைவரை. நீங்கள் துணைத் தலைவரின் தொகுதியைக் காட்டுகிறீர்கள்.

காட்பாடி கேட்:
746.

ராணிப்பேட்டை ராஜா:
ஆட்சி மாறுனது பத்து வருஷ சலிப்புல சார். அம்மாவும் இல்ல. 2011-ல விஜயகாந்த் 29 சீட்டோட எதிர்க்கட்சித் தலைவர் ஆனாரு. 2016-ல உளுந்தூர்பேட்டையில டெபாசிட்டே போச்சு. பதவியால இன்னா லாபம்?

சத்துவாச்சாரி சார்:
அவர் அந்த வேலையைச் செய்தாரா, சொல்லுங்கள். ஆளுங்கட்சியோடு கூட்டணி வைத்து ஜெயித்தவர். கூடவந்த எம்எல்ஏக்களே அந்தப் பக்கம் சாய்ந்து, 2016 பிப்ரவரியில் ராஜினாமா செய்ததில் பதவியும் போயிற்று. கேட்க ஆளில்லாத ஆட்சி மறுபடி ஜெயித்தது. நான் சொன்னதற்கு இதுவே சாட்சி.

காட்பாடி கேட்:
ராணிப்பேட்டை 2019-லயே தனி மாவட்டம் ஆயிடுச்சு. வேலூர்க்காரங்க பேசுற எடத்துல உங்களுக்கு இன்னா வேல ராஜா?

ராணிப்பேட்டை ராஜா:
தோ, ஆரம்பிச்சிட்டாரு. வடாற்காடுன்னு ஒரே மாவட்டமா இருந்தப்ப உங்க காட்பாடி ஒரு ரயில் ஸ்டேஷன், அவ்வளோதான்.

பாலாற்று மணல்:
கணக்குக் கேட்கிறது எதிர்க்கட்சியா? தோல் ஷெட்டு கழிவு பாலாத்துல ஓடினப்போ யாரு கேட்டாங்க? வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996-ல உச்ச நீதிமன்றம்தான் கேட்டுச்சு. அதே வருஷம் வந்த சட்டமன்றத்துல எதிர்க்கட்சித் தலைவர் யாரு தெரியுமா? தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) சோ.பாலகிருஷ்ணன். ஆளுங்கட்சியோட கூட்டாளி!

சத்துவாச்சாரி சார்:
சரியாகப் பிடித்தீர்கள். 2021-க்குப் பிறகு பொதுக்கணக்குக் குழுத் தலைவர் நாற்காலியும் ஆளுங்கட்சியான திமுகவின் கூட்டணிக் கட்சியான காங்கிரசின் செல்வப்பெருந்தகைக்குத்தான் போனது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்குக் கொடுப்பதுதான் மரபு. தணிக்கை அறிக்கையைப் புரட்டிக் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. எதிர்க்கட்சித் தலைவர் அதையாவது போராடி வாங்கியிருக்க வேண்டாமா?

காட்பாடி கேட்:
குழு, நாற்காலி, மரபு. 746-க்கு மட்டும் வாயில கொழுக்கட்டை.

சத்துவாச்சாரி சார்:
வேலூர்க் கணக்குதானே வேண்டும்? 2019 மக்களவைத் தேர்தலில் ஏ.சி.சண்முகம் இரட்டை இலையில் நின்று 8,141 ஓட்டில் தோற்றார். 2023-ல் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பாஜகவை விட்டு வந்தார். 2024-ல் அதே சண்முகம் தாமரையில் நின்றார், அதிமுக தனி ஆள் போட்டது. திமுகவின் கதிர் ஆனந்த் இரண்டு லட்சம் ஓட்டு வித்தியாசத்துக்கு மேல் ஜெயித்தார். தலைவர் எடுத்த முடிவு எங்கே போய் விழுந்தது பார்த்தீர்களா?

ராணிப்பேட்டை ராஜா:
பாஜகவோட நின்னிருந்தா முஸ்லிம் ஓட்டு நிறைய இருக்கிற வாணியம்பாடி, ஆம்பூர்ல ஓட்டு விழுந்திருக்குமா? 2019-ல சண்முகத்தைக் கவுத்ததே அந்த ரெண்டு ஊருதான்.

பாலாற்று மணல்:
ஆம்பூர்க்காரன் சொல்றேன், எங்களை ஓட்டு மூட்டையா எண்ணாதீங்க. குடிக்கத் தண்ணி கேட்டப்ப எந்தத் தலைவரும் வரல.

காட்பாடி கேட்:
அது எம்பி எலக்‌ஷன், நான் கேட்டது எம்எல்ஏ. சார் ரிட்டயர்டு ஆனவரு, நிறைய நேரம் இருக்குது, பக்கம் பக்கமா எழுதுவாரு. 746 எப்படி ஆச்சு, ஒரு வரியில சொல்லட்டும்.

சத்துவாச்சாரி சார்:
என் ரிட்டயர்மென்ட் உங்களுக்கு எதற்கு? போன மாநகராட்சித் தேர்தலில் வார்டு எல்லை பற்றி ஆதாரத்தோடு கேட்டபோது என்னை பிளாக் செய்துவிட்டு ஓடியவர் நீங்கள்தானே?

காட்பாடி கேட்:
ஓடல சார். அப்ப நீங்க போட்ட மேப்பே தப்பு.