கருப்பு காரைக் கீறல் விழாமல் கழுவ வழி சொல்லுங்களேன்

வீடு செங்கோட்டையில், புளியரை போகும் சாலையை ஒட்டி. கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏற்றிப் போகும் லாரித் தூசி முழுக்க என் கார் மேல்தான். இத்தனை நாள் பழைய பனியன் துணி, ஒரே வாளி என்று ஓட்டிவிட்டேன். போன ஞாயிறு சாய்ந்த வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்! எல்லாம் துணியில் ஒட்டிய மணல் செய்த வேலை.

இப்போது முதலில் ஹோஸ் பிடித்து மணலை இறக்கிவிடுகிறேன். அப்புறம் ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. மைக்ரோஃபைபர் துணியும் வாங்கியாச்சு. ஆனால் போர் தண்ணீர் ஒரே உப்பு. துடைப்பதற்குள் காய்ந்து வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. அழுத்தித் தேய்க்கப் பயம். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத் தண்ணீர் பிடித்து வைக்கலாமா? விழுந்த கீறலுக்குக் கையால் பாலிஷ் போட்டால் போதுமா, மெஷின்தான் வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.